பிரேக் விட்ட ஒன்பது வருஷம்

பயோடேட்டா அடித்துக் கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். அரியாங்குப்பத்திலிருந்து கிருமாம்பாக்கம் வரை பஸ்ஸில் வந்தால் உங்கள் கடை போர்டுகள் கண்ணில் பட்டுக்கொண்டே வருகின்றன. 'ஏ.டி.எஸ். பாஸ் ரெஸ்யூம் செய்து தரப்படும்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கம்பெனிக்குப் போகிற விண்ணப்பத்தை மனிதன் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சாஃப்ட்வேர் படித்து வேண்டியது வேண்டாதது என்று பிரிக்கிறதே, அதைத் தாண்டிவிடலாம் என்கிறீர்கள். தாண்டலாம். நானும் தாண்ட வைத்தவன்தான். தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கு மளிகைக் கடை. எனக்குப் பருப்பு நிறுப்பதில் பொறுமை இல்லை. கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் பெட்டி என்று கடை போட்டேன். கண் பார்வை மங்கும் வரைக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது கடை என் அக்கா மகனிடம் இருக்கிறது. எனக்குக் கோபம் மட்டும் மிச்சம்.

முதலில் என் மண்டைக்கனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கடை பயோடேட்டா என்றால் பாகூர் வரை பேர். மேலே பிள்ளையார் சுழி, சுற்றிலும் பூ பார்டர், வலது பக்கம் போட்டோ, படிப்பெல்லாம் கட்டம் கட்டமாக, கடைசியில் மேற்கண்டவை உண்மை என்று உறுதிமொழி. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். ஜனங்கள் அதைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். கம்பெனிகள் ஆன்லைனுக்கு மாறியபோதும் அதே அழகைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். பாகூரிலிருந்து ஒரு எம்.காம். பட்டதாரி எங்கெங்கோ விண்ணப்பித்தும் ஒரு பதிலும் வரவில்லை என்று என்னிடமே வந்து சத்தம் போட்டான். சென்னையில் அவனுடைய நண்பன் ஒருவன் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தான். அவன் அந்த விண்ணப்பம் தன் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த விதத்தை போட்டோ எடுத்து அனுப்பினான். பெயர்: காலி. படிப்பு: காலி. நான் கட்டிய கட்டங்களுக்குள் சாஃப்ட்வேரால் எட்டிப் பார்க்கவே முடியவில்லையாம். என் பூ பார்டருக்குள் அந்தப் பையன் மாட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கே பார்டரை எடுத்தேன், கட்டத்தை எடுத்தேன், பிள்ளையாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வெறும் வரிகளாக அடித்தேன். பையனுக்கு அடுத்தடுத்து அழைப்பு வந்தது.

இந்த மாதிரி விஷயமெல்லாம் உங்களுக்கு இப்போது செல்போன் வீடியோவிலேயே கிடைக்கிறது. எந்த எழுத்து, எந்த வார்த்தை, எத்தனை பக்கம் என்று. அதில் நேரம் போக்கப் போவதில்லை. வனிதாவின் கதைக்கு வருகிறேன்.

வனிதா பனித்திட்டுப் பெண். அவள் அம்மா தனத்தை எனக்கு அவளுக்கும் முன்பே தெரியும். அலுமினிய அன்னக்கூடையில் மீன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக விற்கிறவள். வியாபாரம் முடிந்து வெறும் கூடையோடு என் கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்பாள். கூடையைப் பார்த்ததும் சில கண்டக்டர்கள் விசில் கொடுத்துவிடுவார்கள். தனம் பின்னாலேயே நாலு வார்த்தை கத்துவாள், பிறகு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். சுனாமியில் படகு போன பிறகு அவள் கணவர் மறுபடி கடலுக்குப் போகவில்லை. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கூடைதான். ஆனால் மகளை அதன் பக்கத்தில்கூட வரவிட்டதில்லை. "எம் பொண்ணு மேல மீன் வாட அடிக்கக் கூடாது" என்பாள். அவள் மேல் அடிக்கிற வாடையைப் பற்றி அவளுக்கு வெட்கம் கிடையாது. மகள் விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு வைராக்கியம்.

வனிதா பிளஸ் டூ முடித்து, கல்யாணம் ஆகி, கணவன் சரியில்லாமல் ஒரு பெண் குழந்தையோடு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள். வில்லியனூர் பக்கம் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தாள். எங்கள் நிறுத்தத்துக்குத்தான் கம்பெனி பஸ் வரும். மூடிகளைப் பார்த்துப் பழுதானதை ஒதுக்குகிற லைனில் வேலை. சேர்ந்தாள் என்று சொன்னேனே தவிர, ஃபேக்டரி அவளைச் சேர்க்கவில்லை. சேர்த்தது ஒரு காண்ட்ராக்டர்.

இந்தக் காண்ட்ராக்ட் வேலையில் 'பிரேக்' என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் ஃபேக்டரிக்குப் போகிற வீடுகளில் குழந்தைக்குக்கூட அந்த வார்த்தை தெரியும். சில மாதம் வேலை செய்ததும் கேட்டில் கார்டை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாள் வராதே என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு வேறொரு காண்ட்ராக்டர் பெயரில் புதுக் கார்டு கொடுத்து, அதே கேட் வழியாக, அதே லைனில், அதே ஸ்டூலில் உட்கார வைப்பார்கள். தொடர்ந்து வேலை செய்ததாகக் கணக்கு வந்துவிட்டால் நாளைக்கு நிரந்தரம் கேட்பார்களாம். அதற்காக இந்த ஏற்பாடு. பெண்கள் பிரேக் பார்த்துத்தான் காது குத்தே வைப்பார்கள். "எங்கள பிரேக் வுட்டுட்டாங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டு வனிதா என் கடைக்கு வந்தால், அடுத்த காண்ட்ராக்டருக்காக ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது.

பிறகு ஒரு நாள் அந்த ஃபேக்டரி நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தது. லைன் ஆபரேட்டர் வேலை. சிபாரிசு கிடையாது, காண்ட்ராக்டர் மூலம் கிடையாது, எல்லோரும் வெப்சைட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும், கம்ப்யூட்டரே நேர்மையாகத் தேர்ந்தெடுக்கும் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வயது வரம்பும் போட்டிருந்தார்கள். வனிதாவுக்கு அதுதான் கடைசி வருஷம். இதை விட்டால் ஜென்மத்துக்கும் காண்ட்ராக்ட்தான். அவள் மகள் ஆறாவது படிக்கிறாள்.

"இந்தத் தபா எப்புடியும் ஆயிடும்ணே. அந்த லைன்ல என்ன வுட்டா வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், கம்ப்யூட்டர் அவளைப் பார்க்கப் போகிற மாதிரி.

உள்ளது உள்ளபடி அடித்தோம். எந்தக் காண்ட்ராக்டர், எப்போதிலிருந்து எப்போது வரை, அடுத்தவர் யார் என்று வரிசையாக. அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அனுப்பிவிட்டு டீ சொன்னேன். டீ வருவதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது. வருந்துகிறோம், உங்கள் விவரங்கள் இப்போதைய தேவைக்குப் பொருந்தவில்லை. ஒன்பது வருஷத்தைப் படிக்க அதற்கு ஒரு டீ நேரம்கூட வேண்டியிருக்கவில்லை.

ஏன் என்று அவளுடைய லைன் சூப்பர்வைசர் ஆபீஸில் விசாரித்துச் சொன்னார். சாஃப்ட்வேர் கணக்குப்படி அவள் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவிக்கொண்டே இருப்பவள். எந்த இடத்திலும் ஒரு வருஷம் முழுசாக நிலைத்ததில்லை. இடையிடையே வேலையே இல்லாமலும் இருந்திருக்கிறாள். நிலையில்லாத ஆள், வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள். பிரேக் விட்டது அந்த ஃபேக்டரி. காண்ட்ராக்டரை மாற்றி மாற்றிப் போட்டது அந்த ஃபேக்டரி. அவள் உட்கார்ந்த ஸ்டூல்கூட மாறவில்லை. கடைசியில் அதே ஃபேக்டரியின் சாஃப்ட்வேர் அவளைப் பார்த்து ஓடுகாலி என்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டை ஓங்கிக் குத்தினேன். ஒரு பட்டன் தெறித்து ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் போய்விட்டது. வனிதா குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா சேத்து எழுதுங்கண்ணே. ஒரே எடம்தான?" என்றாள்.

அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. பொய்யில்லை. இந்த ஃபேக்டரியில், இந்த லைனில், ஒப்பந்ததாரர்கள் மூலமாக, ஒன்பது வருஷம் என்று ஒரே வரியாக எழுதினேன். கடைசி நாள் வரைக்கும் விண்ணப்பத்தைத் திருத்தலாம் என்று வெப்சைட்டிலேயே போட்டிருந்தது. திருத்தி அனுப்பினோம். உடனே பச்சை எழுத்தில் பதில். தேர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது, நேர்காணலுக்கு அழைப்போம். நான் கடையை விட்டு இறங்கிப் போய்ப் பக்கத்துக் கடைகளிலெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். மெஷினை ஜெயித்துவிட்டோம் என்று. உங்களுக்கு இருக்கிற அதே பெருமை எனக்கும் அன்றைக்கு இருந்தது. வனிதா பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். விண்ணப்பம் முடிகிற நாள் மத்தியானம் வனிதா செல்போனும் கையுமாக ஓடி வந்தாள். ஃபேக்டரி எச்.ஆர். அதிகாரி லைனில் இருந்தார். கடைக்கு வந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். மரியாதையான குரல். திட்டுகிறவனாக இருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

"மேடம், உங்க அப்ளிகேஷன் சிஸ்டம்ல பாஸ் ஆயிடுச்சு. வாழ்த்துகள். ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன். எங்க கம்பெனியில ஒன்பது வருஷம்னு எழுதியிருக்கீங்க இல்லையா, அத மட்டும் எடுத்துடுங்க."

"ஏன் சார்? உண்மதான சார் அது?"

"உண்மை பொய் பத்தி நான் பேசல மேடம். அப்படி எழுதின பேப்பரை நாங்க வாங்கி வெச்சுக்கிட்டா, நீங்க தொடர்ந்து எங்ககிட்ட வேலை செஞ்சதா நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். லீகல்ல விட மாட்டாங்க."

"சார், தெனமும் ரவுண்ட்ஸ் வரும்போது என்ன பாக்கறீங்களே. போன வாரம்கூட எந்திரிச்சு வணக்கம் சொன்னேனே சார்."

"பாக்கறேன் மேடம். பர்சனலா எனக்குத் தெரியும். ரெக்கார்டுல நீங்க எங்க ஆள் இல்ல."

நான் நடுவில் புகுந்தேன். அப்படியானால் அந்த வருஷங்களைக் காலியாக விட்டுவிடலாமா என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். அவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

"காலியா விட்டா சிஸ்டம் கேப்னு தள்ளிடும் சார். சொந்தத் தொழில்னு ஏதாவது போட்டுடுங்க. மேடத்துக்கு பனித்திட்டுதானே? மீன் வியாபாரம்னு போட்டா நேச்சுரலா இருக்கும். பி.எஃப். எல்லாம் காண்ட்ராக்டர் பேர்லதான் இருக்கு, அத யாரும் நோண்ட மாட்டாங்க. நான் சொன்னேன்னு வேண்டாம். அஞ்சு மணிக்கு போர்ட்டல் மூடிடும். உங்க நல்லதுக்குத்தான்."

வைத்துவிட்டார். வனிதா செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து தனம் வெறும் கூடையோடு வாசலில் வந்து நின்றாள், வழக்கம்போல பஸ்ஸுக்கு. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னாடி? இன்னாத்துக்கு இப்புடி நிக்கிற? போச்சா?"

வனிதா சொன்னாள். தனத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அன்னக்கூடையைத் தரையில் போட்டாள். கடை முழுக்கச் சத்தம் உருண்டது.

"மீன் வித்தான்னு எழுதறதா? இவளா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இந்தக் கூடய நான் தொட வுட்டிருப்பனா? பிரேக்ல வூட்டுல குந்திக்கிட்டு இருக்கும்போதுகூட நான் தனியாதான தூக்கிட்டு வந்தேன்! இன்னா மனுசன் அவன்? அண்ணே, எழுதாத சொல்லிட்டேன். எழுதனா நான் இங்கியே உழுந்து பொரளுவேன்."

நானும் எழுத மாட்டேன் என்றுதான் சொன்னேன். வாடிக்கையாளர் சொல்லாத எதையும் என் கடையில் அடித்ததில்லை. இல்லாத அனுபவத்தை உண்டாக்கிக் கொடு என்று கேட்டவர்களை வெளியே அனுப்பியிருக்கிறேன். இருக்கிற அனுபவத்தை இல்லை என்று எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த விண்ணப்பத்தை அப்படியே விடு, கேஸ் போடலாம், தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம், நானே கூட வருகிறேன் என்று ஏதேதோ சொன்னேன்.

வனிதா கையைக் காட்டி எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினாள். சத்தம் போடவில்லை.

"கேஸ் முடியறதுக்குள்ள எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடும்ணே. நாளைக்கே கார்டப் புடுங்கிப்பானுங்க, வேற காண்ட்ராக்டர்கூட சேத்துக்க மாட்டான். நீங்க நேர்மையா இருந்துக்கங்க, நான் வேணாங்கல. அதுக்கு நான் ஏன் பிரேக்லயே சாவணும்?"

பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "நீ வித்துத்தான நான் சாப்ட்டேன். எழுதிட்டுப் போறேன் வுடு."

தனம் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், பஸ் வருகிற பக்கம் பார்த்து நின்றுகொண்டாள்.

நான்தான் அடித்தேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்று எனக்குத் தெரியும். ஒரே வரிதான் என்பதால் அழிப்பது சுலபமாக இருந்தது. லைன் போயிற்று, மூடி போயிற்று, ஒன்பது வருஷம் போயிற்று. அந்த இடத்தில் 'சுயதொழில், மீன் வியாபாரம், தாயாருடன்' என்று வனிதா சொன்னாள். எத்தனை வருஷம் என்று வெப்சைட் கேட்டது. ஒன்பது என்றாள். அனுப்பினோம். உடனே பச்சை எழுத்து வந்தது. முந்திய தடவையைவிட நல்ல மதிப்பெண். ஒரே தொழிலில் நிலைத்து நின்றவள் என்று அதற்குத் திருப்தி.

இப்போது சொல்கிறேன். மெஷினை எப்படித் தாண்டுவது என்று மட்டும் கற்றுக்கொண்டு போர்டு எழுதாதீர்கள். அது வெறும் கேட். கேட்டுக்கு உள்ளே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் வாடிக்கையாளரின் எந்த உண்மையைப் பார்த்து அவனுக்கு வயிறு கலங்கும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. ரோஸ் மில்க் குடித்துக்கொண்டிருந்தேன். முன்பே யோசித்திருந்தால், போர்ட்டல் மூடுவதற்கு முன்னால் நாலு பேரிடம் விசாரிக்கவாவது அவளுக்கு நேரம் கிடைத்திருக்கும். முடிவு வேறாகியிருக்குமா என்றால், ஆகியிருக்காது. ஆனாலும் அதை அவள் ஆற அமர எடுத்திருப்பாள். சாஃப்ட்வேர்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த சாஃப்ட்வேருக்குப் பயம் என்றால் தெரியாது. பொய் சொல்லும்படி போனில் மரியாதையாகக் கேட்கவும் தெரியாது.

வேலை கிடைத்தது. பயிற்சி முடிந்தால் நிரந்தரம் என்று ஆர்டர். முதல் வாரம் முடிந்து, புது அடையாள அட்டையை லேமினேட் பண்ண வந்தாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த தனமும் கூட வந்தாள். மூடியை வெளிச்சத்தில் எப்படிப் பிடித்துப் பார்ப்பது என்று வனிதாவுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்களாம். அந்தப் பெண்ணுக்கு அதைக் கற்றுக் கொடுத்ததே வனிதா. "பாவம்ணே அது, அழுதுடுச்சு" என்றாள்.

சேர்ந்த அன்றைக்கு கேன்டீனில் கூட்டம் வைத்து, புது ஆட்களை மேடையில் ஏற்றி அறிமுகம் செய்திருக்கிறார்கள். அதே அதிகாரிதான் மைக் பிடித்தார்.

"என் முறை வந்திச்சு. ஒன்பது வருஷமா கடற்கரையில மீன் வித்துக்கிட்டிருந்தவங்க, இதுக்கு முன்னாடி ஃபேக்டரி வாசலையே மிதிச்சதில்ல, அப்படிப்பட்டவங்களுக்கும் நம்ம கம்பெனி வாழ்க்க குடுக்குதுன்னாருண்ணே. கீழ குந்தியிருந்ததெல்லாம் எங்க லைன் பசங்க. எல்லாம் என்கூட சோறு தின்னதுங்க. ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிச்சுங்க. அப்பால கை தட்டிச்சுங்க."

லேமினேஷன் பெட்டியிலிருந்து அட்டை சூடாக வெளியே வந்தது. எடுத்துக் கொடுத்தேன். தனம் அதை வாங்கி, சேர்ந்த தேதி எங்கே என்று மகளைக் கேட்டாள். வனிதா விரலை வைத்துக் காட்டினாள். தனத்துக்கு எழுத்துப் படிக்க வராது, எண் தெரியும். அட்டையில் இருந்தது அந்த வருஷத்துத் தேதி.

"எல்லாரும் தட்டுனாங்க, சரி" என்றாள் தனம். "நீ இன்னாடி பண்ண?"

"நானும் தட்டனேம்மா."